கிராஃப் தாளும் கறுப்பு நூலும்

போன வாரம் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது நீளமான அட்டைக் குழாய் ஒன்று உருண்டு வந்து தலையில் விழுந்தது. இரண்டு பக்கமும் தகர மூடி. உள்ளே துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்த கிராஃப் தாள். விரித்தால் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வருகிறது. பச்சைக் கட்டங்கள் வெளுத்துவிட்டன. பென்சில் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் போட்டது.

குடிநீர் வழங்கும் அலுவலகம் ஒன்றின் திட்டப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இன்னும் முப்பது வருஷம் கழித்து ஊருக்கு எவ்வளவு தண்ணீர் தேவைப்படும், அது எங்கிருந்து வரும் என்று எழுதிக்கொடுப்பதுதான் உத்தியோகம். "நீ எழுதினது தப்புன்னு தெரியற காலத்துல நீ அங்க இருக்கவே மாட்டேக்கா, நல்ல வேலை" என்று தம்பி கேலி செய்வான். அவன் சொன்னபடி நடக்கவில்லை. நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்துவிட்டது.

முதலில் இந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதில் இருப்பது ஒரே ஒரு வளைகோடு. ஆற்றில் மாதாமாதம் வந்த தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய் வரைந்தது. முதல் மாதம் வந்தது, அதோடு இரண்டாம் மாதம், அதோடு மூன்றாம் மாதம் என்று போகும். ஏறிக்கொண்டே போகிற கோடு, இறங்கவே இறங்காது. வெள்ள மாதங்களில் செங்குத்தாக நிமிரும், வறண்ட மாதங்களில் படுத்துக்கொள்ளும். 1883-ல் ரிப்பிள் என்ற பொறியாளர் வெளியிட்ட முறை இது. கணினி வருவதற்கு முன்னால் உலகத்தில் பாதி அணைகளின் கொள்ளளவை இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் பிரிவில் தலைமை வரைவாளர் ஒருவர் இருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி. நான் ஸ்கேலை வைத்துத் திணறுவதைப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து சட்டைப் பொத்தான் தைக்கிற கறுப்பு நூலும் இரண்டு குண்டூசியும் எடுத்து வந்தார். ஊருக்கு மாதத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அந்தச் சரிவில் நூலை இழுத்துப் பிடித்தார். பிறகு அந்தச் சரிவு மாறாமல், வளைகோடு படுக்கத் தொடங்குகிற முகட்டில் நூலைக் கொண்டுபோய் வைத்தார். நூல் நேராகப் போகிறது, கோடு கீழே தொய்கிறது. இரண்டுக்கும் நடுவில் வயிறு மாதிரி ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளி எங்கே மிக அதிகமோ, அவ்வளவு தண்ணீரை அணையில் முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தால்தான் வறட்சியைத் தாண்ட முடியும். நூல் மறுபடியும் கோட்டைத் தொடுகிற இடத்தில் அணை மறுபடி நிரம்புகிறது. தொடவே இல்லையென்றால் அந்த ஆற்றை நம்பி அவ்வளவு தண்ணீர் கேட்கக்கூடாது.

மூன்று நிமிஷ வேலை. கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்தும் புரியாதது அந்த நூலில் புரிந்தது.

அப்புறம் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "எத்தனை வருஷத்துக் கணக்கும்மா இது?"

"இருபத்தெட்டு வருஷம் சார்."

"அதுக்கு முன்னாடி ஆறு இல்லையா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியின் கனம் பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. ஹேரால்ட் ஹர்ஸ்ட் என்கிற ஆங்கிலேயர் 1906-ல் எகிப்துக்கு வேலைக்குப் போனவர், வாழ்நாளெல்லாம் நைல் நதியையே அளந்துகொண்டிருந்தார். நதி ஒருநாளும் வற்றிப்போகாமல் பார்த்துக்கொள்ள எவ்வளவு பெரிய அணை வேண்டும் என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. கெய்ரோவில் ரோடா தீவில் இருக்கும் நீர்மட்டக் கிணற்றின் பதிவுகள் கி.பி. 622-லிருந்து கிடைக்கின்றன. நூற்றாண்டுக் கணக்கான அந்தப் பதிவுகளைப் பார்த்ததில் அவருக்குத் தெரிந்தது இதுதான்: வறண்ட வருஷங்கள் சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. நல்ல வருஷங்களும் அப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் தனி, அதற்கும் முந்தின வருஷத்துக்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கைவிடப் பெரிய அணை தேவைப்படும். 1951-ல் அவர் இதை வெளியிட்டார்.

இதற்கு நேர்மாறான கதை அமெரிக்காவின் கொலராடோ நதியுடையது. 1922-ல் ஏழு மாநிலங்கள் உட்கார்ந்து அந்த நதியைப் பங்கு போட்டுக்கொண்டன. கையில் இருந்தவை சில பத்து வருஷத்துப் பதிவுகள். அவை வழக்கத்துக்கு மீறி ஈரமான வருஷங்கள் என்று அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வராத தண்ணீரையும் சேர்த்துப் பங்கு பிரித்தாயிற்று. பின்னால் பழைய மரங்களின் வளையங்களை அளந்து பல நூற்றாண்டுக்கு முந்தைய ஓட்டத்தைக் கணித்தபோது குட்டு வெளிப்பட்டது. ஒப்பந்தம் போட்டு நூறு வருஷம் ஆகிவிட்டது, சண்டை இன்னும் ஓயவில்லை. ஏழு மாநிலமும் ஒரு வரைவாளரை அழைத்து வைத்திருக்கலாம்.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

வரத்து ஒரு பக்கம், தேவை இன்னொரு பக்கம். தேவைக் கணக்கு கேட்பதற்கு எளிது. எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை லிட்டர், அதோடு தொழிற்சாலைகள், அதோடு கசிவு. நான் கடைசிப் பத்து வருஷத்துப் புள்ளிகளை வைத்து ஸ்கேலை வைத்தேன், கோட்டை முப்பது வருஷத்துக்கு நீட்டினேன். அவ்வளவுதான். மக்கள் தொகை அதிசயமாகச் சரியாக வந்தது. ஆளுக்கு எத்தனை லிட்டர் என்பதுதான் காலை வாரியது. ஏறிக்கொண்டே போகும் என்று நான் போட்டது பாதி தூரத்தில் நின்று, பிறகு இறங்கத் தொடங்கியது. கழிப்பறைத் தொட்டிகள் சின்னதாகிவிட்டன, துணி துவைக்கும் இயந்திரம் குறைவாகக் குடிக்கிறது, தண்ணீரை விழுங்கிக்கொண்டிருந்த ஆலைகள் இரண்டு மூடப்பட்டன. எதையும் நான் யோசிக்கவில்லை. ஸ்கேல் யோசிக்காது.

எனக்கு ஒரே ஆறுதல், இந்தத் தப்பைப் பெரிய பெரியவர்களும் செய்திருக்கிறார்கள் என்பது. இங்கிலாந்தின் வடகிழக்கில் கீல்டர் என்றொரு ஏரி இருக்கிறது. எஃகு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் பெருகிக்கொண்டே போகும் என்று 1960-களின் கடைசியில் கணக்குப் போட்டு, 20,000 கோடி லிட்டர் பிடிக்கும்படி கட்டினார்கள். கொள்ளளவில் பிரிட்டனிலேயே பெரிய செயற்கை ஏரி. 1982-ல் திறப்பு விழா நடந்தபோது எஃகுத் தொழில் படுத்துவிட்டது. வெள்ளை யானை என்று பத்திரிகைகள் எழுதின. பின்னாளில் நாட்டின் மற்ற பகுதிகள் வறட்சியில் தவித்தபோதும் அந்தப் பக்கத்து மக்கள் கவலையில்லாமல் இருந்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் அது கணித்து வந்த புண்ணியம் இல்லை.

கிழக்கு ஜெர்மனியில் 1990-க்குப் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். தண்ணீர்ச் செலவு மளமளவென்று சரிந்தது. பெரிய தேவைக்காகப் போட்ட குழாய்களில் தண்ணீர் நகராமல் தேங்கத் தொடங்கவே, கெட்டுப்போகாமல் இருக்க நல்ல தண்ணீரையே திறந்துவிட்டுக் குழாயைக் கழுவ வேண்டியதாயிற்று. கூடுதலாகக் கணித்தால் பணம் மட்டும்தான் வீண் என்று நினைத்திருந்தவள் நான்.

பாஸ்டன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1930-களில் நான்கு ஊர்களைக் காலி செய்துவிட்டு குவாபின் நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். அது நிரம்பவே 1946 ஆகிவிட்டது. அவர்களுடைய நீராதாரங்கள் பத்திரமாகத் தரக்கூடியது நாளுக்கு 30 கோடி கேலன். 1969-லிருந்து சுமார் இருபது வருஷம் நகரம் அதைத் தாண்டியே எடுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அடுத்த பெரிய ஆற்றைத் திருப்பத் தயாராக இருந்தார்கள், வரைபடமெல்லாம் தயார். எதிர்ப்பு வந்தது. சரி, முதலில் கசிவை அடைத்துப் பார்ப்போம் என்று 1980-களின் பின்பாதியில் இறங்கினார்கள். பழைய குழாய்களைச் சோதித்தார்கள், வீடுகளில் குழாய்முனைகளை மாற்றினார்கள். செலவு இறங்கிக்கொண்டே வந்து இப்போது நாளுக்கு 20 கோடி கேலன் பக்கத்தில் நிற்கிறது. அந்த ஆற்றைத் திருப்பவே இல்லை. நியூயார்க்கில் 1994-லிருந்து மூன்றே வருஷத்தில் சுமார் 13 லட்சம் கழிப்பறைகளை மாற்றினார்கள். ஃப்ளஷ் பண்ணினால் 5 கேலன் கொட்டியதை எடுத்துவிட்டு 1.6 கேலன் கொட்டுவதை வைத்தார்கள். மக்கள் தொகை கூடியும் நகரத்தின் தண்ணீர்ச் செலவு குறைந்தது.

கசிவு என்று எழுதுவது சுலபம். அதைக் காதால் கேட்க வேண்டும். இரவு இரண்டரை மணிக்கு ஒரு ஃபிட்டரோடு தெருவில் நின்றிருக்கிறேன். ஊரே தூங்குகிறது, எந்த வீட்டிலும் குழாய் திறந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் அந்தப் பகுதிக்குள் போகிற மீட்டர் முள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பகலில் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற குழப்பம் இருக்கும். இரவில் மீட்டர் பொய் சொல்லாது. ஃபிட்டர் நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வின் மேல் வைத்து, மறுமுனையில் இருந்த மரக்குமிழில் காதை வைத்தார். ஒரு வால்வு, அடுத்த வால்வு, அதற்கடுத்தது. நான்காவதில் கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார். காதை வைத்தேன். மெல்லிய சீறல், தூரத்தில் யாரோ அடுப்பில் எண்ணெய் காய வைத்திருக்கிற மாதிரி. "இது எத்தனை வருஷமா ஓடுதோ மேடம்" என்றார். அடுத்த நாள் தோண்டிப் பார்த்தால் மேலே ஈரமே இல்லை. தண்ணீர் அடியில் இருந்த பழைய வடிகாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் முப்பது வருஷக் கணக்கில் 'கசிவு' என்று ஒரு சதவீதம் போட்டு, முப்பது வருஷமும் அது அப்படியே இருக்கும் என்று எழுதியிருந்தேன். கம்போடியாவில் ப்னோம் பென் நகரத்தில் 1993-ல் குழாயில் விட்ட தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. எக் சொன் சான் என்கிற பொறியாளர் பொறுப்புக்கு வந்தார். பதினைந்து வருஷத்தில் அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மாறாது என்று நான் எழுதிய எண் அது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் பெரிதாக எதுவும் கட்ட வேண்டாம், கசிவை அடைத்தால் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் கொஞ்ச நாள் சொன்னேன். கேப் டவுன் வாயை அடைத்தது.

அந்த நகரம் தூங்கிக்கொண்டிருந்த நகரம் இல்லை. நீர்ச் சிக்கனத்துக்காக 2015-ல் சர்வதேச விருது வாங்கியது. 2014-ல் அணைகள் ஏறக்குறைய நிரம்பியிருந்தன. அதன்பின் வரிசையாக மூன்று வருஷம் மழை பொய்த்தது. ஹர்ஸ்ட் சொன்ன அதே கூட்டம். 2018 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான். அணைகளின் மொத்த இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் வீட்டுக் குழாய்களை மூடிவிட்டு, ஆளுக்கு 25 லிட்டர் வீதம் பொது இடங்களில் வரிசையில் நின்று வாங்கிப் போகச் சொல்வதாக ஏற்பாடு. அந்த நாளுக்கு 'டே ஸீரோ' என்று பெயர் வைத்து, தேதியும் சொல்லியிருந்தார்கள். மக்கள் செலவைப் பாதிக்கும் கீழே இறக்கினார்கள், மழையும் வந்தது, அந்த நாள் வரவில்லை.

எனக்கு அதில் பட்டது வேறு. நிரம்பிய அணைகள் அந்த நிலைக்கு வர மூன்று சொச்சம் வருஷம்தான் ஆனது. புதிதாக ஓர் அணை வேண்டுமென்றால் இடம் பார்த்து, மண் சோதித்து, குடியிருப்பவர்களோடு பேசி, வழக்கு முடிந்து, கட்டி, அது நிரம்பவும் வேண்டும். இருபது வருஷத்துக்குள் முடிந்தால் கெட்டிக்காரத்தனம். காலியாகிற வேகமும் கட்டுகிற வேகமும் இவ்வளவு தூரத்தில் இருக்கும்போது, முப்பதாவது வருஷத்தின் தேவையை நான் தசம புள்ளி வரைக்கும் போட்டுக்கொடுத்து யாருக்கு என்ன லாபம்? எந்த வருஷம் எதைத் தொடங்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். எந்த அறிகுறி தெரிந்தால் தொடங்குவது, அதுவரை எதைச் செலவில்லாமல் தயாராக வைத்திருப்பது என்றும் எழுதியிருக்க வேண்டும். என் அறிக்கையில் அப்படி ஒரு பக்கம்கூட இல்லை.

சிங்கப்பூர்க்காரர்கள் இதில் கெட்டி. ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்க 1961-லும் 1962-லும் போட்ட ஒப்பந்தங்கள். ஒன்று 2011-ல் முடியும், மற்றது 2061-ல். முடிகிற தேதி முன்னாலேயே தெரிந்ததால் அதிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கிற தரத்துக்குக் கொண்டுவர 1974-லேயே ஒரு சோதனை ஆலை போட்டார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, அழுக்கை வடிகட்டும் சவ்வுகளும் நம்பகமாக இல்லை, மூடிவிட்டார்கள். ஆனால் கோப்பை மூடவில்லை. தொழில்நுட்பம் மலிந்த பிறகு மறுபடி எடுத்து 2003-ல் நியூவாட்டர் என்று கொண்டுவந்தார்கள். 2011-ல் முதல் ஒப்பந்தம் முடிந்தபோது அதைப் புதுப்பிக்கவில்லை. 1974-ன் ஆலையைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்க மாட்டேன்.

மெல்போர்ன் வேறு மாதிரி மாட்டிக்கொண்டது. நீண்ட வறட்சியில் பதறிப்போய் வருஷத்துக்கு 15,000 கோடி லிட்டர் தரக்கூடிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை வான்தாகியில் கட்டத் தொடங்கினார்கள். 2012-ல் அது முடிந்தபோது மழை கொட்டி அணைகள் நிறைந்திருந்தன. 2016 வரை ஒரு சொட்டுகூட அதிலிருந்து கேட்கவில்லை. பழியெல்லாம் ஆலையின் மேல் விழுந்தது. தீயணைப்பு வண்டி வாங்கிய வருஷம் ஊரில் தீப்பிடிக்கவில்லை என்று யாரும் கோபப்படுவதில்லை. என் குறை அவர்கள் கட்டியதில் இல்லை, பயந்த பிறகு கட்டியதில்தான்.

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். என் அறிக்கையின் கடைசி வரி: "இத்திட்டம் அடுத்த முப்பது ஆண்டுகளுக்குப் போதுமானது." அந்த ஒரு சொல்தான், 'போதுமானது'. அடுத்த பத்தொன்பது வருஷம் யார் எதைக் கேட்டாலும் அந்த வரியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். குழாய் மாற்ற வேண்டும் என்றால், போதுமானது என்று இருக்கிறதே. ஆற்றின் மேற்பகுதியில் வரத்தை அளக்கப் புதிய நிலையம் வேண்டும் என்றால், போதுமானது. இங்கிலாந்தில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை குறைந்தது 25 வருஷத்துக்கான திட்டத்தைத் திறந்து திருத்தியாக வேண்டும், சட்டம். டெக்சாஸிலும் ஐம்பது வருஷத் திட்டத்தை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி எழுதுகிறார்கள். எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை, என் கணக்கை நானே பிரித்துப் பார்க்க எனக்கும் ஆசையில்லை.

தாளை விரித்தபோதுதான் கவனித்தேன். வலது கீழ் ஓரத்தில், என் கையெழுத்து இல்லாத இன்னொரு கையெழுத்தில், பென்சிலால் மெல்லியதாக: "5 வ. ஒருமுறை நூல் வைத்துப் பார்." வரைவாளருடையது. எப்போது எழுதினார் என்று தெரியவில்லை.

என்னோடு வேலை பார்த்த பையன் ஒருவன் இன்னும் அங்கே இருக்கிறான். பையன் என்கிறேன், அவனுக்கே ஐம்பது நெருங்கிவிட்டது. ஆற்று வரத்துப் பதிவுகளைக் கேட்டேன், அனுப்பி வைத்தான். மூன்று நாள் உட்கார்ந்து பழைய தாளின் முனையில் புதுத் தாள் ஒட்டி, கோட்டை இன்று வரை நீட்டினேன். கணினியில் ஒரு நொடியில் வந்துவிடும், தெரியும். எனக்கு நூல் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கோடு புதுத் தாளில் கொஞ்சம் தளர்ந்துதான் ஏறுகிறது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து அணைகளுக்கு 1974 வரை சராசரியாக வருஷத்துக்கு 33,800 கோடி லிட்டர் வந்துகொண்டிருந்தது, பிறகு அது ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்று வேலையில் இருந்தபோதே படித்திருக்கிறேன். மழை அவ்வளவு குறையவில்லை. ஆனால் காய்ந்த மண் தன் பங்கைக் குடித்த பிறகுதான் ஆற்றுக்கு விடும். எங்கள் ஆறு அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் அணையின் கொள்ளளவுக்குள் வயிற்றை அடக்க வேண்டுமென்றால் நூலைப் பழைய சரிவில் வைக்க முடியவில்லை. குண்டூசியைப் பிடுங்கி, கொஞ்சம் கீழே சாய்த்துக் குத்த வேண்டியிருந்தது. நான் தேவையைக் கூடுதலாகக் கணித்த தப்புதான் ஊரை இதுநாள் வரை காப்பாற்றியிருக்கிறது போல. இப்போது வரத்தும் தேவையும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன.

பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

"அனுப்புங்க மேடம், ஃபைல்ல போட்டு மேல வைக்கிறேன்" என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா இந்த வருஷம் அணை நிரம்பி வழியுது மேடம்" என்றான்.

தாளைச் சுருட்டவில்லை. கூடத்திலேயே கிடக்கிறது, நாலு மூலையிலும் புத்தகம் வைத்து.